நடுக்கம் நின்றபின் ஏறும் எடை

பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் குடும்பத்தினர், அதன் நன்மைகளையும் கேடுகளையும் மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுகின்றனர். நடுக்கம் அடங்கும், உடல் விறைப்பு தளரும், மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் உடல் முடங்கிப்போகும் வேளைகள் குறையும் என்று நன்மைகள் சொல்லப்படும். மூளையில் இரத்தக்கசிவு, கருவியைச் சுற்றி நோய்த்தொற்று, பேச்சுக் குழறல் என்று கேடுகளும் சொல்லப்படும். இவ்விரண்டிலும் சேராமல் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அறுவைக்குப் பிந்தைய சில மாதங்களுக்குள் உடல் எடை எதிர்பாராத அளவுக்குக் கூடிவிடுவது. பலருக்கு மூன்று நான்கு கிலோ கூடுகிறது. சிலருக்கு அது பத்துக் கிலோவையும் தாண்டுகிறது. நெடுநாள் மெலிந்து கிடந்தவர் சற்றே சதை போடுவதைக் கண்டு வீட்டார் ‘உடம்பு தேறிவிட்டது’ என்று மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சிக்கு நியாயமும் உண்டு. ஆனால் ஏறிய எடையில் ஒரு பகுதி மட்டுமே இழந்த உடலின் மீட்சி. எஞ்சியது சிகிச்சையின் பக்கவிளைவு. முன்னது எங்கே முடிகிறது, பின்னது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதால்தான் இப்பொருள் தனி அத்தியாயமாக எழுதத் தகுந்ததாகிறது.

எடை ஏறுவதைப் புரிந்துகொள்ள, முதலில் அது ஏன் இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். நடுமூளையில் ‘கருநிறப் பொருள்’ எனப்படும் ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அடிமூளைத் திரள்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவ்வணுக்களில் பாதியளவோ அதற்கு மேலோ அழிந்த பிறகுதான் நடுக்கமும் விறைப்பும் மந்தநடையும் வெளியே தெரியத் தொடங்குகின்றன. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியபோதே, நோய் முற்றியவர்கள் உண்ணவும் விழுங்கவும் படும் பாட்டையும் குறித்துவைத்தார். பிற்கால ஆய்வுகள் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டின. ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வுகளின் தரவுகளைக் கொண்டு 2003இல் வெளியான கட்டுரை ஒன்று, நோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது என்றும், அவர்கள் குறைவாக உண்டதால் அது நேரவில்லை என்றும் தெரிவித்தது. முகரும் திறன் மங்கி உணவின் சுவை போய்விடுவது, இரைப்பை மெல்ல இயங்குவதால் சீக்கிரமே வயிறு நிறைந்தாற்போல் தோன்றுவது, மலச்சிக்கல், ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுசேர்க்கவே கை போராட வேண்டியிருப்பது ஆகியவை பின்னர் இவ்விறக்கத்தை விரைவுபடுத்துகின்றன. இவற்றோடு, ஓயாத நடுக்கமும் இளகாத விறைப்பும் தசைகளை எந்நேரமும் வேலைவாங்கிக்கொண்டே இருப்பதால், உட்கார்ந்திருக்கும் நோயாளியும் ஆற்றலைச் செலவிட்டபடியே இருக்கிறார்.

இந்நோயின் மருத்துவ வரலாற்றில் தமிழகத்துக்குப் பலரும் அறியாத இடம் ஒன்று உண்டு. மூளைக்குள் புகுந்து டோபமைனாக மாறும் லெவோடோபா இன்றளவும் இந்நோய்க்கான முதன்மை மருந்து. வேலியோரங்களில் படரும், தொட்டால் சுணை அரிக்கும் பூனைக்காலி விதையில் இப்பொருள் மிகுதியாக இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் பிரித்தெடுத்துக் காட்டி 1937இல் கட்டுரை வெளியிட்டனர். அதன் மருத்துவப் பயன் அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. டோபமைன் மூளையின் செய்திகடத்தி என்பதை சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் நிறுவி, 1960களில் ஆஸ்திரிய, அமெரிக்க மருத்துவர்கள் லெவோடோபாவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே அது மருந்தானது.

அதற்கு முந்தைய காலத்தில் கடும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் அறுவையே வழி. 1952இல் அமெரிக்காவில் இர்விங் கூப்பர் ஓர் அறுவையின்போது தற்செயலாகக் கிழிந்த சிறு தமனி ஒன்றைக் கட்டி அடைக்க வேண்டியதாயிற்று. நோயாளி கண்விழித்தபோது நடுக்கம் மறைந்திருந்தது. மூளையின் ஆழத்தில் குறித்த ஓரிடத்தை அழித்தால் நடுக்கம் நிற்கும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய பி. இராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியமும் டி. எஸ். கனகாவும், தலையில் சட்டம் பொருத்தி முப்பரிமாண அளவைகளால் இலக்கைக் கணித்து மெல்லிய ஊசியைச் செலுத்தும் இவ்வகை அறுவையை 1960 முதல் தமிழகத்தில் வளர்த்தெடுத்தனர். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவராகப் போற்றப்படும் கனகா, 1970களின் நடுப்பகுதியிலேயே, மூளைத் திசுவை அழிக்காமல் மின்முனையால் தூண்டும் முறையையும் மேற்கொண்டவர். மேலை நாடுகளில் பின்னர் பெரும்புகழ் பெற்ற ஒரு முறையின் தொடக்க முயற்சிகள் சென்னையின் அரசு மருத்துவமனையில் நடந்திருக்கின்றன என்பது தமிழ் வாசகர்கள் பெருமையுடன் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இன்று ‘ஆழ்மூளைத் தூண்டல்’ என்று அழைக்கப்படும் சிகிச்சைக்கு வடிவம் கொடுத்தவர்கள் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து அலிம்-லூயி பெனாபிட், பியர் போலாக் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் ஆவர். 1987இல் தாலமஸ் என்னும் பகுதியை நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடிக்கும் மின்னோட்டத்தால் தூண்டி நடுக்கத்தை அவர்கள் அடக்கினர்; 1993இல் அதற்குச் சற்றுக் கீழேயுள்ள ‘தாலமஸ் கீழ்க்கரு’வை இலக்காகக் கொண்டனர். இந்தக் கீழ்க்கரு மூளையின் இருபுறமும் ஒவ்வொன்றாக அமைந்த, நீளவாக்கில் ஏறத்தாழ ஒரு செ.மீ. மட்டுமே உள்ள வில்லை வடிவ நரம்புத்திரள். டோபமைன் குறையும்போது அது அளவுக்கு மீறிக் கிளர்ந்து அசைவுகளுக்குத் தடைபோடுகிறது. அதனைச் செயலிழக்கச் செய்தால் நோயுற்ற குரங்குகள் மீண்டும் அசையத் தொடங்குகின்றன என்று மேலான் டிலாங்கின் குழு 1990இல் காட்டியிருந்ததே கிரெனோபிள் குழுவினருக்கு வழிகாட்டியது. பெனாபிட், டிலாங் இருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு மி.மீ.யைவிடச் சற்றே தடித்த கம்பியின் நுனியிலுள்ள மின்தொடு வளையங்களில் ஒன்றோ இரண்டோ இயக்கப்பட்டு, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் புதைத்த மின்கலத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. எந்த வளையத்தை இயக்குவது, எவ்வளவு மின்னழுத்தம் கொடுப்பது என்பதை அறுவைக்குப் பின்னும் வெளியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.

இச்சிகிச்சை பரவிய சில ஆண்டுகளிலேயே எடையேற்றம் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. அதற்கும் முன்பே, மூளையின் வெளிறிய கோளம் என்னும் பகுதியில் சிறு புண் உண்டாக்கும் பழைய அறுவைக்குப் பின்னும் எடை கூடியதை 1990களின் மருத்துவர்கள் கவனித்திருந்தனர். முதலில் தோன்றிய விளக்கம் மிக எளியது: நடுக்கமும் விறைப்பும், லெவோடோபாவின் பக்கவிளைவாக உடல் தானாக நெளிந்து ஆடும் அசைவுகளும் நின்றுபோனதால் வீணாகச் செலவாகிய ஆற்றல் மிச்சமாகிறது, உணவு மாறவில்லை, ஆகவே மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. இவ்விளக்கத்தை அளந்து பார்த்தவர்கள் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்து ஆய்வாளர்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, தாலமஸ் கீழ்க்கருவில் மின்முனை பொருத்தப்பட்டு மூன்று மாதங்களில் ஆண்களுக்குச் சராசரியாக 3.4 கிலோவும் பெண்களுக்கு 2.6 கிலோவும் எடை கூடியது. ஆண்களின் அன்றாட ஆற்றல் செலவு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது.

இந்த 7 விழுக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவிடும் ஒருவருக்கு அது 140 கலோரி. மணிலா என்றும் மல்லாட்டை என்றும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார் சொல்லும் நிலக்கடலையில் 25 கிராமுக்குள் அடங்கிவிடும் ஆற்றல் அது. ஆனால் அந்தச் சிறு மிச்சமே 90 நாட்களில் 12,600 கலோரியாகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதால், உணவில் துளியும் கூட்டாமல் இருந்தாலே ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் ஏறிவிடும். நோயாளியின் மீது பெருந்தீனிக்காரர் என்னும் பழி சுமத்துவோர் இக்கணக்கை அறிந்திருக்க வேண்டும். அதே வேளையில், கணக்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது: உண்மையில் கூடிய 3.4 கிலோவில் பாதியளவையே நின்றுபோன நடுக்கத்தைக் கொண்டு விளக்க முடிகிறது. ஆய்வில் பெண்களுக்கு ஆற்றல் செலவு குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே எடை கூடியது என்பது அவ்வெளிய விளக்கத்தை மேலும் தளரச் செய்தது. கூடிய எடையின் தன்மையும் ஒன்றுபோல் இல்லை. ஆண்களுக்குக் கூடியதில் தசை போன்ற கொழுப்பல்லாத திசுவும் கலந்திருந்தது. பெண்களுக்குக் கூடியது கொழுப்பு. அறுவைக்குப் பிந்தைய எடையைப் பெண் நோயாளிகளிடம் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

மிச்சப் பாதிக்கு விளக்கம் தேடிய ஆய்வாளர்களின் பார்வை முதலில் மருந்துகளின் பக்கம் திரும்பியது. கீழ்க்கருவைத் தூண்டிய பிறகு லெவோடோபாவின் அளவைப் பெரும்பாலும் வெகுவாகக் குறைத்துவிட முடிகிறது. பலருக்கு அது பாதியாகிவிடும். குமட்டலும் பசியின்மையும் அம்மருந்தின் பழகிய தொல்லைகள் என்பதால், அளவு குறையும்போது பசி திரும்புவது எதிர்பார்க்கத்தக்கதே. இன்னொரு நுட்பமும் உண்டு. பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் செரித்து உருவாகும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுவதால், பகலில் புரதத்தைக் குறைத்து உண்ணுமாறு நோயாளிகள் சிலருக்கு அறிவுறுத்தப்படுகிறது. சோற்றையே அடிப்படையாகக் கொண்ட உணவுமுறையில் இவ்வறிவுரை நடைமுறையில் வெறும் சோறும் ரசமும் என்று சுருங்கிவிடுகிறது. மருந்து குறைந்தபின் இக்கட்டுப்பாடு தளரும்போது, தசையை மீட்கப் புரதம் சேர்ப்பதே முறை; ஆனால் பழகிய சோற்றின் அளவு அப்படியே நிற்க, அதன்மேல் பலகாரம் சேர்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உண்ணும் வேட்கையைத் தூண்டுவதுண்டு. அவற்றைக் குறைத்தால் வேட்கை தணிகிறது. ஆனால் டோபமைன் மருந்துகளை வேகமாகக் குறைத்தால் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்தே இருக்கும் மனச்சோர்வு வரக்கூடும், அதுவும் எடையைக் கூட்டும். எனவே மருந்துக் குறைப்பை எடையேற்றத்தின் ஒரே காரணமாகச் சொல்லிவிட முடியாது. அறுவைக்குப் பின் மருந்து அதிகம் குறைக்கப்படாதவர்களுக்கும் எடை கூடத்தான் செய்கிறது.

மின்முனை இருக்கும் இடத்தையே ஆராயும் மூன்றாவது விளக்கம்தான் இவற்றுள் ஆழமானது. தாலமஸ் கீழ்க்கரு ஒரு செ.மீ. நீளமே கொண்டிருந்தாலும் அதற்குள் வேலைப் பிரிவினை இருக்கிறது. அதன் மேற்புறமும் வெளிப்புறமும் உடல் அசைவோடும், இடைப்பகுதி சிந்தனையோடும், உட்புற நுனி உணர்ச்சி, விருப்பம், நிறைவு ஆகியவற்றோடும் தொடர்புடைய நரம்பிழைகளைப் பெறுகின்றன. அறுவை மருத்துவர் குறிவைப்பது அசைவுப் பகுதியை. ஆனால் மின்னோட்டம் திசுவில் இரண்டு மூன்று மி.மீ. பரவும் இயல்புடையது என்பதால் அண்டைப் பகுதிகளும் தூண்டப்படலாம். கீழ்க்கருவுக்கும் பசிக்கும் என்ன தொடர்பு என்பதை எலிகளில் ஆராய்ந்த கிறிஸ்தெல் பொனெஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் சொன்னது குறிப்பிடத்தக்கது: கீழ்க்கரு அழிக்கப்பட்ட எலிகள் அதிகமாக உண்ணவில்லை, ஆனால் உணவைப் பெறுவதற்காக முன்னிலும் முனைந்து உழைத்தன. அதாவது மாறியது வயிற்றின் பசி அன்று, உணவின் மீதான நாட்டம். பலகாரத் தட்டைக் கண்டால் கை தானாக நீள்கிறது என்று சில நோயாளிகள் வருந்தும்போது, அதை மனவுறுதியின் குறைபாடாக எண்ணாமல் மூளையின் பரிசு தேடும் சுற்றுகளில் நேர்ந்த மாற்றமாகப் பார்க்க இம்முடிவு உதவுகிறது.

கீழ்க்கருவிலிருந்து சற்றே உள்நோக்கியும் முன்னோக்கியும் சென்றால் ஹைப்போதாலமஸ் வந்துவிடுகிறது. உடல் வெப்பம், தாகம், உறக்கம், பசி ஆகியவற்றை ஆளும் இப்பகுதியைப் பற்றிய அடிப்படைக் கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்தியர் ஒருவருடையது. 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் பணியாற்றிய பால கிருஷ்ண ஆனந்த், எலிகளின் ஹைப்போதாலமசின் பக்கப்பகுதியில் மிகச் சிறிய புண்ணை இருபுறமும் உண்டாக்கியபோது, உணவு முன்னே இருந்தும் அவை உண்ண மறுத்துப் பட்டினியால் இறந்ததைக் கண்டார். பசியின் ஆணை பிறக்கும் இடம் அதுவே என்ற முடிவு ‘உண்ணும் மையம்’ என்னும் பெயரில் உலகெங்கும் பாடநூல்களில் ஏறியது. ஆனந்த் பின்னர் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். மின்முனையின் ஓட்டம் இப்பகுதிக்குக் கசிந்தால் உண்ணும் நடத்தை மாறக்கூடும் என்னும் ஐயம் நியாயமானது. செக் நாட்டின் பிராக் நகரத்து ஆய்வாளர்கள் 2012இல் அதற்கு ஆதரவான சான்றை வெளியிட்டனர்: இயக்கப்படும் மின்தொடு வளையம் மூளையின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக, அதாவது ஹைப்போதாலமஸ் இருக்கும் பக்கமாக, அமைந்த நோயாளிகளுக்கே எடை மிகுதியாகக் கூடியிருந்தது. சில மி.மீ. இடவேறுபாடு கிலோக் கணக்கில் வெளிப்படுகிறது.

இதற்கு மறுதலையான முயற்சிகளும் நடந்துள்ளன. கனடாவின் டொரொண்டோவில் மிகுபருமனால் துன்புற்ற ஒருவரின் பசியை அடக்கும் நோக்கில் ஹைப்போதாலமசில் மின்முனை வைத்த ஆந்திரேஸ் லொசானோவின் குழு, மின்னோட்டத்தைத் தொடங்கியதும் அவருடைய மனத்தில் பல்லாண்டுகளுக்கு முந்தைய நினைவுகள் தெளிவாக எழுந்ததை 2008இல் அறிவித்தது. நினைவாற்றலோடு தொடர்புடைய ஃபோர்னிக்ஸ் என்னும் நரம்புக்கற்றை அவ்விடத்தை ஒட்டிச் செல்வதே அதற்குக் காரணம். அமெரிக்காவில் மூன்று நோயாளிகளுக்கு மட்டும் இதே பகுதியைத் தூண்டிப் பருமனைக் குறைக்க முயன்ற தொடக்க ஆய்வு 2013இல் வெளியானது. பசியை நாடிச் சென்றவர்கள் நினைவைத் தொட்டதும், நடுக்கத்தை நாடிச் சென்றவர்கள் பசியைத் தொட்டதும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்: மூளையின் அந்த ஆழத்தில் வெவ்வேறு வேலைகள் அவ்வளவு நெருங்கி அமைந்துள்ளன.

மேற்சொன்னவற்றால் விவாதம் முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. பிரான்சின் ரென் நகரத்து ஆய்வு ஒன்று 2009இல் கீழ்க்கருவைத் தூண்டியவர்களுக்கு வெளிறிய கோளத்தைத் தூண்டியவர்களைவிட எடை அதிகம் கூடியதாகச் சொன்னது. இரண்டு இலக்குகளுக்கும் வேறுபாடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. பசியைத் தணிக்கும் லெப்டின், பசியைத் தூண்டும் கிரெலின் ஆகிய இயக்குநீர்களை அளந்தவர்களின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆற்றல் செலவு குறைதல், மருந்துக் குறைப்பு, மின்முனையின் இடம் என்னும் மூன்றும் ஆளுக்கு ஆள் வெவ்வேறு விகிதத்தில் கலக்கின்றன என்று கொள்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது. எடை பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களிலேயே வேகமாக ஏறுகிறது என்பதில் மட்டும் பரவலான உடன்பாடு காணப்படுகிறது; கவனம் செலுத்த வேண்டிய காலமும் அதுவே.

அந்த ஆறு மாதங்களையும் நோயாளி அறுவை நடந்த மருத்துவமனையில் கழிப்பதில்லை. பல இலட்சம் ரூபாய் பிடிக்கும் இவ்வறுவை பெருநகரங்களின் சிறப்பு மையங்களிலேயே செய்யப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்து நோயாளி ஒருவர் சென்னையில் அறுவை செய்துகொண்டால், ஏறத்தாழ 150 கி.மீ. பயணம் செய்து மின்னழுத்தத்தைச் சரிபார்க்கச் சில முறை போய்வருவார். அச்சந்திப்புகளில் பேச்செல்லாம் நடுக்கத்தைப் பற்றியும் மாத்திரை நேரத்தைப் பற்றியுமே அமையும். அவரை அன்றாடம் காணக்கூடியவை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கிவரும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் ஆகும். எடையைக் கவனிப்பதற்கு மூளை அறுவை நிபுணர் தேவையில்லை. நம்பகமான ஓர் எடைக்கருவியும், அதே கருவியில் வாரம் ஒரு முறை அதே வேளையில் பார்த்த எண்ணைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கமும் போதும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தரவும், இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் வீடுகளுக்கே வருகின்றனர்; மின்முனை பொருத்திய நோயாளியின் எடையையும் அவர்களிடம் கேட்டுப் பதியச் செய்வது வீட்டாருக்குப் பெரும்பாடன்று.

எண்களை ஒப்பிட இரண்டு அடையாளக் கற்கள் வேண்டும். ஒன்று, நோய் வருவதற்கு முன் அவருடைய எடை என்ன என்பது. பழைய மருத்துவச் சீட்டுகளிலோ ஓய்வூதியர் மருத்துவப் பதிவுகளிலோ அது கிடைக்கும். மற்றொன்று, அறுவைக்கு முந்தைய நாளின் எடை. நோய்க்கு முன் 64 கிலோ இருந்து, நோயால் 56 ஆகி, அறுவைக்குப் பின் 62 ஆனவர் தேறியிருக்கிறார். அவரைப் பட்டினி போடுவது தவறு. நோயால் இளைக்காமல் 64 கிலோவிலேயே இருந்து, அறுவைக்குப் பின் 70 ஆனவருக்கு உதவி தேவைப்படுகிறது. இருவருக்கும் கூடிய கிலோக்கள் ஒன்றுதான் என்பதையும், அவற்றின் பொருள் முற்றிலும் வேறு என்பதையும் மருத்துவர்களே சில வேளை கவனிக்கத் தவறுகின்றனர். கிலோவில் அளந்த எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினால் இந்தியர்களுக்கு அது மிகை எடை, 25ஐத் தாண்டினால் பருமன்; ஐரோப்பியர்களுக்கு வகுத்த எல்லைகள் இதைவிட உயர்ந்தவை. குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பும் இரத்தத்தில் சர்க்கரையும் சேரும் உடல்வாகு தெற்காசியர்களுடையது என்பதால்தான் எல்லை தாழ்த்தப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேருதவியோடு நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. பிரெஞ்சு நோயாளி தாங்கிக்கொள்ளும் ஐந்து கிலோவை அறுபது வயது விழுப்புரத்து நோயாளியின் உடலும் அப்படியே தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

உணவில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. அறுவைக்கு முன்பே, அதாவது நாட்டம் மாறுவதற்கு முன்பே, உணவு ஆலோசனை தொடங்கப்பட வேண்டும் என்பதே முதன்மையானது. நாளுக்கு நான்கு முறை இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு டீ குடிப்பவர் அச்சர்க்கரையை விட்டாலே, நின்றுபோன நடுக்கம் மிச்சப்படுத்திய ஆற்றலை ஈடுகட்டிவிடலாம். சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் கீரை, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றை மருந்து வேளைக்கு இடையூறில்லாமல் சேர்ப்பதும், கால்கள் இளகிய இப்புதிய நிலையை வீணாக்காமல் அன்றாடம் நடப்பதும் தசையைக் கூட்டிக் கொழுப்பைத் தடுக்கும். இவ்வளவுக்குப் பின்னும் எடை ஏறினால், இயங்கும் வளையத்தை மாற்றியோ மின்னழுத்தத்தைச் சீர்செய்தோ பார்க்க இயலுமா என்று அறுவை மையத்திடம் கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. எடைக்கு அஞ்சிக் கருவியைத் தாமாக நிறுத்திவைப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. திடீரென நின்றால் நோய்க்குறிகள் முன்னிலும் கடுமையாகத் திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். எடை ஏறும் என்பதற்காகத் தக்க நோயாளிக்கு இவ்வறுவையை மறுப்பதும் அறிவுடைமையன்று. இந்தச் சிகிச்சை மீட்டுத் தரும் அசைவும் தன்மானமும் சில கிலோக்களைவிடப் பன்மடங்கு பெரியவை.

எடையேற்றம் கொண்டுவரும் இன்னொரு ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. எடை கூடியவருக்கு முழங்கால் வலிப்பதும், அவர் அருகிலுள்ள இயன்முறை சிகிச்சைக் கூடத்துக்குப் போவதும், அங்கே வலிக்கு டயாதெர்மி என்னும் உயர் அதிர்வெண் வெப்பச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதும் மிக இயல்பாக நடக்கக்கூடியவை. அவ்வாற்றல் உடலுக்குள் புதைந்த கம்பியின் வழியே மின்முனையின் நுனிக்குச் சென்று, அங்கே சூழ்ந்துள்ள மூளைத் திசுவை வேகவைத்துவிடும்; அமெரிக்காவில் தாடையில் டயாதெர்மி கொடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்கு இவ்வாறு கடும் மூளைச்சேதம் நேர்ந்தது 2001இல் மருத்துவ இதழில் பதிவாகியது. உடலின் எந்தப் பகுதியில் கொடுத்தாலும், கருவி நிறுத்தப்பட்டிருந்தாலும், இத்தடை பொருந்தும். எனவே மின்முனை பொருத்திய நோயாளியின் குடும்பத்தினர் கருவியின் அடையாள அட்டையை எந்நேரமும் அவருடைய சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். எந்த மருத்துவமனையானாலும், பல் மருத்துவரானாலும், முழங்கால் வலிக்கான இயன்முறைக் கூடமானாலும், சிகிச்சை தொடங்குமுன் அதை எடுத்துக் காட்ட வேண்டும்.